எத்தனை பேரிடம் பேசினால் போதும்? துறைக்குத் துறை மாறும் பண்புசார் ஆய்வு

#1 லயத்துமுனை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் மருந்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது முதுகலை ஆய்வுத் தலைப்பு. முறை நேர்காணல். முன்மொழிவைப் படித்த மூன்று துறைக்காரர்களும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர், குறைந்தது 30 பேர் வேண்டும் என்கிறார். மானிடவியல் படித்தவர், 30 பேர் எதற்கு, ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஆறு மாதம் இருந்து பாருங்கள் என்கிறார். வரலாற்றுத் துறைக்காரரோ பெயரை மறைத்துவிட்டால் அது சாட்சியமே இல்லை என்கிறார்.

ஒரே பெயரில் நடக்கும் ஆய்வுக்கு ஏன் இத்தனை சட்டம்? எதைப் பிடித்துக்கொள்வது?

#2 நெடுங்கணக்கு

எண்ணிக்கையிலிருந்து வருகிறேன், அதுதான் எல்லாரையும் முதலில் மடக்கும்.

30 என்பது புள்ளியியல் பாடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண். நேர்காணலுக்கு அதைக் கொண்டுவருவதில் பொருளில்லை. இத்துறையில் அதிகம் காட்டப்படும் எண் 12. அது 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானா, நைஜீரியா நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை அலசியபோது வந்தது. முதல் 12 பேரைத் தாண்டியபின் புதிய குறியீடுகள் (பேச்சின் பகுதிகளுக்கு நாம் இடும் பொருள் பெயர்கள்) அரிதாகவே எழுந்தன. ஆனால் அவர்கள் ஒத்த சூழலில் இருந்த பெண்கள், எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்விப் பட்டியல். இந்த இரண்டையும் விட்டுவிட்டு 12ஐ மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதால்தான் பல முன்மொழிவுகள் அடி வாங்குகின்றன.

2017இல் ஹென்னிங்க் குழு 25 நேர்காணல்களை எடுத்து ஒரு பிரிவைக் காட்டியது. என்னென்ன விஷயங்கள் இருக்கின்றன என்று பட்டியல் போட 9 நேர்காணலில் நிறைவு, அதாவது புதிதாக எதுவும் எழாத நிலை, வந்துவிட்டது. அந்த விஷயங்களின் உட்பொருள் பிடிபட 16 முதல் 24 வரை போக வேண்டியிருந்தது. உங்கள் ஆய்வுக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

முன்மொழிவில் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். வீச்சும், எப்போது நிறுத்துவீர்கள் என்ற விதியும் எழுதுங்கள். உதாரணத்துக்கு: ‘16 முதல் 22 பேர். முதல் 10 நேர்காணல்களைக் குறியீடு செய்தபின், தொடர்ந்து 3 நேர்காணல்களில் புதிய குறியீடு எழாவிட்டால் நிறுத்தப்படும்.’ இதை 10+3 விதி என்பார்கள், சுகாதார ஆய்வுகளைப் படிப்பவர்களுக்குப் பழக்கமானது. இன்னும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். இரண்டு தரப்புக்கும் நிறைவைத் தனித்தனியே பாருங்கள்.

இன்னொன்று. நேர்காணல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் குறியீடு செய்ய உட்காருகிறவர்கள் நிறைவை எட்டினோம் என்று சொல்லவே முடியாது. மூன்று முடிந்ததும் எழுத்தாக்கம் (பதிவைக் கேட்டு எழுதுவது) தொடங்க வேண்டும்.

#3 குறுக்குக்கேள்வி

நான் அளவுசார் பக்கம், எண்களை வைத்து ஆய்வு செய்கிறவன். சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இவ்வளவு பரந்த சிக்கலுக்கு 20 பேர் சொன்னதை வைத்து என்ன செய்வது? ‘கடந்த 7 நாளில் எத்தனை வேளை மருந்து தவறியது?’ என்று 300 பேரிடம் ஒரே கேள்வி கேட்டால் விடை கைக்கு வந்துவிடுமே?

#4 நெடுங்கணக்கு

நல்ல கேள்வி ஐயா. ஒரு வாக்கியத்தை வைத்தே பார்ப்போம். இது விளக்கத்துக்காக எழுதியது, யாருடைய நேர்காணலிலிருந்தும் எடுத்ததல்ல (பிரட்டு என்பது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் கூட்டம்):

‘மருந்தெல்லாம் ஒழுங்காத்தான் எடுக்கிறேன். பிரட்டு நாள்ல மட்டும் காலையில போடுறதில்ல. வேலைக்காட்டுல எங்க போயி ஒதுங்குறது?’

புதிதாகக் குறியீடு செய்கிறவர் பக்க ஓரத்தில் ‘மருந்து தவறுதல்’ என்று எழுதுவார். அது கிளினிக்கின் பார்வை. அந்த அம்மா ‘ஒழுங்காத்தான்’ என்கிறார், ‘தான்’ போட்டு அழுத்திச் சொல்கிறார். அவர் கணக்கில் எதுவும் தவறவில்லை, வேலை நாளுக்கு ஒரு முறை, ஓய்வு நாளுக்கு ஒரு முறை என்று வகுத்து வைத்திருக்கிறார். ஆகவே முதல் குறியீடு: ‘ஒழுங்கு என்பதற்கு அவர் கொடுக்கும் பொருள்’. இரண்டாவது: ‘வேலை நாள், ஓய்வு நாள் என இரண்டு மருந்துமுறை’. மூன்றாவது: ‘ஒதுங்க இடமில்லாமை’.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு போனால் மெட்ஃபோர்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை தெரியும். வயிற்றுப்போக்கு அம்மருந்தின் சாதாரணமான பக்கவிளைவு, வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் படுத்தும். பொழுது விடியுமுன் பிரட்டு, பசியாறுவது அதற்குப் பிறகு, செம்பனைக்குள் கழிவறை இல்லை. இப்போது உங்கள் 7 நாள் கேள்வியை இவரிடம் கேளுங்கள். அவர் கணக்கில் ‘தவறவே இல்லை’ என்பார், அல்லது ஆறு வேளை தவறியது என்று பதிவாகும். முதல் விடை பொய்க்கணக்கு ஆகும். இரண்டாவது அவரை அக்கறையில்லாதவர் ஆக்கும், மறதிக்கு மருந்தாகக் கைப்பேசியில் நினைவூட்டல் அனுப்பத் திட்டம் போடுவார்கள். அவருக்கு மறதியே இல்லை. மெதுவாகக் கரையும் மெட்ஃபோர்மின் வகை உண்டு, வழக்கமாக இரவு உணவோடு எடுப்பது. மருத்துவரிடம் கேட்க வேண்டியது அதைப் பற்றி.

20 பேரை வைத்து ‘எத்தனை விழுக்காடு’ என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ‘பெரும்பாலோர்’, ‘சிலர்’ என்று எழுதுவதே பலமுறை இடறும். ஆனால் இந்த 20 பேர் பேசினால் உங்கள் 300 பேர் படிவத்தில் ஒரு கேள்வி இரண்டாகப் பிரியும்: ‘வேலை நாளில்?’ ‘ஓய்வு நாளில்?’

#5 குறுக்குக்கேள்வி

புரிகிறது. கேள்வி சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கையால் கண்டுபிடிக்க முடியாது என்கிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே வாக்கியத்தை நான் குறியீடு செய்தால் வேறு மாதிரி வரலாமே, அதற்கு என்ன சோதனை?

#6 நெடுங்கணக்கு

இங்கேதான் துறைகள் பிரிகின்றன. சுகாதாரத் துறையில் இரண்டு பேர் தனித்தனியே குறியீடு செய்து, கப்பா என்ற ஒப்புமை எண் போடுவதுண்டு. உள்ளடக்கப் பகுப்பாய்வுக்கு அது பொருந்தும். உளவியலில் 2006இல் ஆறு படிநிலைக் கருப்பொருள் பகுப்பாய்வைக் கொடுத்த பிரவுன், கிளார்க் இருவரும் தங்கள் முறைக்கு அது பொருந்தாது என்றே சொல்லிவருகிறார்கள். நிறைவுநிலை என்ற கருத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் முறை என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் கப்பா 0.8 என்று எழுதும் ஆய்வேடுகள் ஏராளம். தேர்வாளர் இதைத்தான் முதலில் கொத்துவார்.

எந்த முறையானாலும் குறியீட்டுப் புத்தகம் வையுங்கள். குறியீட்டின் பெயர், ஒரு வரி விளக்கம், எது சேரும், எது சேராது, ஒரு மாதிரி வாக்கியம். ‘எது சேராது’ என்பதை எழுதாமல் விட்டால் நாற்பதாவது பக்கத்தில் குறியீடு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மாற்றும்போது பழையதை அழிக்காதீர்கள், தேதி போட்டுப் புதிய பிரதியாக வையுங்கள். ஆய்வு முறையியலாளர்கள் லிங்கனும் கூபாவும் 1985இல் சொன்ன சார்புறுதி (ஆய்வு நடந்த வழியைப் பிறர் பின்தொடர்ந்து சரிபார்க்க முடிவது) என்பது நடைமுறையில் இந்தத் தேதியிட்ட பிரதிகள்தான்.

#7 ஓலைச்சுவடி

வரலாற்றுப் பக்கத்திலிருந்து. பெயர் பற்றி உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை, ஆனால் உங்கள் ஆய்வுக்கு அது பொருந்தாது.

மருத்துவ ஆய்வில் பேசுகிறவர் ஒரு நோயாளி. அவர் அடையாளம் வெளியே போனால் அவருக்குக் கேடு, ஆகவே பெயர்மறைப்பு. வாய்மொழி வரலாற்றில் பேசுகிறவர் சாட்சி. அவர் யார், எந்தத் தோட்டம், அப்போது என்ன வயது என்று தெரியாவிட்டால் நாளை இன்னொருவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. பாட்டாளிகளின் பெயரை அழித்துவிட்டுத் துரைமார் பெயரை மட்டும் வைத்து எழுதிய வரலாறு நமக்குப் போதும். அதனால் அங்கே அனுமதி கேட்டுப் பெயரைப் போடுவதுதான் மரியாதை. ஒப்புதல் படிவத்திலும் இரண்டு கட்டம்: பேசச் சம்மதம் ஒன்று, பதிவைக் கேட்டபின் பெயரோடு பாதுகாக்கச் சம்மதம் மற்றொன்று.

ஒரே அம்மாவிடம் மருந்து பற்றியும் தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைப் பிரித்து விற்ற) காலத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே பதிவில் எடுக்காதீர்கள். ஒன்றுக்குப் பெயர் இருக்கக் கூடாது, மற்றொன்றுக்கு இருக்க வேண்டும்.

நினைவு பிசகும், ஆகவே வாய்மொழி நம்பத்தகாதது என்று ஒரு வாதம் உண்டு. இத்தாலியின் தேர்னி நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற எஃகு ஆலைத் தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீஸ் கையால் இறந்தார். வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாந்திரோ போர்த்தெல்லி பின்னாளில் தொழிலாளர்களைக் கேட்டபோது பலர் அச்சாவை 1953இல், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த போராட்டத்தில் வைத்துச் சொன்னார்கள். அவர் அதைப் பிழை என்று தள்ளவில்லை. அவமானத்துக்குரிய தோல்வி நேர்ந்த ஆண்டுக்கு அந்தச் சாவை மக்கள் ஏன் நகர்த்தினார்கள் என்று கேட்டார். அந்த நகர்வே அவருக்குத் தரவு.

நம் ஊருக்கும் இது அவசியம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் மலாயாவில் பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம் வந்ததும் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. லயத்து நினைவில் அந்த நாளும், பின்னால் வந்த முள்வேலிக் குடியேற்றமும், அரிசிக் கட்டுப்பாடும் ஒரே நாளாக ஒட்டிக்கொள்ளக்கூடும். தேதியைத் திருத்திவிட்டு எழுதாதீர்கள். அவர் சொன்னபடி எழுதி, ஆவணத் தேதியைப் பக்கத்தில் போடுங்கள்.

#8 பச்சைமண்

அக்கா, ஆறு மாதம் இருக்கச் சொன்னது நீட்டி முழக்க அல்ல. ஒரு மணி நேர நேர்காணலில் கிடைப்பது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்லும் பதில். ஜேம்ஸ் ஸ்காட் அரசியல் அறிவியல்காரர். கெடா முடா சமவெளியில் ஒரு நெல் கிராமத்தில் 1978 முதல் 1980 வரை இருந்தார். ஊரின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் செடாக்கா என்று எழுதினார். அறுவடை இயந்திரம் வந்து கூலி வேலை போன சமயம் அது. நிலக்காரர் முன்னால் ஏழைகள் பேசியது ஒன்று, தங்களுக்குள் பேசியது இன்னொன்று. நிலக்காரரோடு மட்டும், அல்லது ஒரே ஒருநாள் மட்டும் பேசியிருந்தால் ‘ஊரில் சிக்கல் இல்லை’ என்று எழுதியிருப்பார்.

மருத்துவத்துக்கு இதைவிட நேரடி உதாரணம் கூரு. பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் பரவிய, கைகால் நடுங்கிச் சாகடிக்கும் நோய். பெண்களையும் பிள்ளைகளையுமே அதிகம் கொன்றது, குடும்பம் குடும்பமாக வந்தது, ஆகவே மரபணு நோய் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் மானிடவியலாளர்கள் ராபர்ட் கிளாஸும் ஷெர்லி லிண்டன்பாமும் அங்கே தங்கி, வீடு வீடாக வம்சாவளி எழுதினார்கள். தங்கள் ஊருக்கு இந்நோய் எப்போது முதலில் வந்தது, யாருக்கு வந்தது என்று முதியவர்கள் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். ஒரு சில தலைமுறைக்குள் வந்த நோய்! மரபணு நோய் அவ்வளவு வேகமாகப் பரவாது. இறந்தவர் உடலை உண்ணும் ஈமச்சடங்கில் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற விவரமும் பெண்கள், பிள்ளைகள் கணக்கோடு பொருந்தியது. நோய் தொற்றும் என்று சிம்பன்சியில் காட்டிய கைடுசெக் 1976இல் நோபல் வாங்கினார். ஆய்வகம் ‘தொற்றும்’ என்றது, ‘எப்படி’ என்பதற்கு விடை வீட்டு முற்றத்தில் கிடைத்தது.

#9 குறுக்குக்கேள்வி

அப்படியானால் நம் நாட்டு நிப்பா வைரஸ் நோயும் பண்புசார் ஆய்வின் வெற்றிதானே? 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கி, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தும் தடுப்பூசி போட்டும் நிற்கவில்லை.

#10 நெடுங்கணக்கு

அப்படிச் சேர்த்துக்கொள்வது சரியாகாது ஐயா. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் பிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். அந்தப் பொருத்தமின்மை நோய்ப்பரவலியல். வைரசைப் பிரித்தெடுத்தது ஆய்வகம். 105 பேர் இறந்த சம்பவம் அது, யார் செய்ததோ அவர்கள் கணக்கில் இருக்கட்டும். பண்ணைக்காரர்களோடு நிதானமாகப் பேசியிருந்தால் ஐயம் முன்கூட்டியே எழுந்திருக்குமா என்பது வேறு கேள்வி. நடக்காததை வெற்றியாக எழுத முடியாது.

#11 உலைக்களம்

பொறியியல், பொருளியல் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேயும் உண்டு.

செராக்ஸ் ஆய்வகத்தில் மானிடவியலாளர் லூசி சச்மன் நகல் இயந்திரத்தை இரண்டிரண்டு பேராக இயக்கச் சொல்லி வீடியோ எடுத்தார், 1987இல் நூலாக வந்தது. எழுத்தாக்கத்தை நான்கு நிரலாகப் பிரித்தார். பயனர் செய்ததில் இயந்திரத்துக்குத் தெரியாதது, தெரிந்தது. இயந்திரம் செய்ததில் பயனருக்குத் தெரிந்தது, அதன் உள்ளே இருந்த வடிவமைப்பு நோக்கம். முதல் நிரலும் கடைசி நிரலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை, சிக்கல் முழுக்க அங்கே இருந்தது.

தங்கச்சி, உங்கள் ஆய்வில் இதை அப்படியே போட்டுப் பாருங்கள். கிளினிக்குக்குத் தெரிவது: மருந்து வாங்கிய தேதி, மூன்று மாதச் சர்க்கரை அளவு. தெரியாதது: பிரட்டு, பசியாறும் நேரம், ஒதுங்கும் இடம். நோயாளிக்குத் தெரிவது: அட்டையில் எழுதிய ‘2 வேளை’. தெரியாதது: ஏன் உணவோடு என்று சொன்னார்கள் என்பது. ஒரு தாளில் நான்கு கோடு கிழித்தால் போதும், மென்பொருள் வேண்டாம்.

பொருளியலில் ட்ரூமன் பியூலி. மந்தக் காலத்தில் முதலாளிகள் ஏன் சம்பளத்தைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க வடகிழக்கில் 300க்கும் மேற்பட்டவர்களிடம் நேரில் போய்க் கேட்டார், 1999இல் வெளியிட்டார். குறைத்தால் தொழிலாளர் மனம் ஒடிந்து வேலை கெடும் என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில். கோட்பாட்டுத் தாள்களில் இருந்த பல விளக்கங்கள் அவர்கள் வாயில் வரவே இல்லை. பொருளியல் ஏடுகளில் இப்படிப்பட்ட ஆய்வு அரிது, எண்ணிக்கையை அவர் 300க்குக் கொண்டுபோனதற்கு அந்தத் துறையின் வாசகர்களும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆக உங்கள் 30ஐக் கேட்டவர் தன் துறையின் வாசகரை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார்.

#12 கரும்பலகை

கல்வித்துறையிலிருந்து ஓர் எச்சரிக்கை மட்டும். பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. 150க்கும் குறைவான மாணவர் உள்ள தோட்டப் பள்ளியில் ‘இரண்டாம் ஆண்டுக் கணித ஆசிரியை’ என்றால் ஊருக்கே தெரியும் யார் என்று. உங்களுக்கும் அப்படித்தான்: ‘பெண் மண்டோர் (மேற்பார்வையாளர்), 54 வயது, கணவர் காலமானவர்’ என்று எழுதினால் தோட்டத்தில் ஒருவரே இருப்பார். வயதை ‘50களில்’ என்றும் வேலையை ‘மேற்பார்வை’ என்றும் தளர்த்துங்கள், ஆய்வுக்குத் தேவையில்லாத விவரத்தை விட்டுவிடுங்கள். ஒப்புதல் படிவத்தையும் எழுத்தாக்கத்தையும் ஒரே கோப்பில் வைக்காதீர்கள்.

அரசாங்க கிளினிக் வழியாக ஆள் தேடினால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய பிறகே முதல் நேர்காணல். பல்கலைக்கழக அனுமதி மட்டும் அங்கே செல்லாது. தாமதமாகும், அட்டவணையில் அதற்கு மாதக்கணக்கில் இடம் விடுங்கள்.

#13 லயத்துமுனை

மிக்க நன்றி. இன்னும் இரண்டு. ஆய்வேடு மலாயில் எழுத வேண்டும், பேச்சோ தமிழும் மலாயும் கலந்தது. எந்தக் கட்டத்தில் மொழிபெயர்ப்பது? இரண்டாவது, மண்டோரே ஆள் கூட்டிக்கொடுப்பதாகச் சொல்கிறார், ஏற்கலாமா?

#14 நெடுங்கணக்கு

குறியீடு முடியும்வரை தமிழிலேயே வையுங்கள். ஆய்வேட்டில் போடும் மேற்கோளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்து, தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் கொடுங்கள். ‘நாங்க’ என்பதும் ‘நாம’ என்பதும் ஒன்றல்ல. ‘நாங்க பிரட்டு நாள்ல போடமாட்டோம்’ என்றால் உங்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறார். ‘நாம என்ன பண்றது’ என்றால் உங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார். மலாயில் காமி, கித்தா என்று இந்த வேறுபாடு பிழைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் செத்துவிடும், கட்டுரையை ஆங்கிலத்தில் அனுப்பும்போது அடிக்குறிப்புப் போடுங்கள். ‘பிரட்டு’, ‘வேலைக்காடு’ போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் ஒரு சொற்பட்டியலில் விளக்குங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத 6 மணி நேரம் வையுங்கள், கலப்புப் பேச்சென்றால் இன்னும் கூடும். தானியங்கி எழுத்தாக்கம் தோட்டத்துத் தமிழில் மலாய்ச் சொல் வந்ததும் தடுமாறும், வரி வரியாகக் கேட்டுத் திருத்தாமல் நம்பாதீர்கள். தகரக் கூரையில் மழை பிடித்தால் பதிவு போச்சு. இரண்டு கருவி வையுங்கள், ஒன்று அவர் பக்கத்தில், சட்டையில் மாட்டும் ஒலிவாங்கியோடு.

மண்டோர் கூட்டிவரும் ஆள் மண்டோருக்குப் பிடித்த ஆளாக இருப்பார், என்ன சொன்னார் என்று மாலையில் விசாரணையும் நடக்கலாம். கோயில், ஒட்டுக்கடை, கிளினிக் என்று மூன்று நான்கு வாசல் வழியாக ஆள் தேடுங்கள். இடமும் ஆபீஸ் பக்கம் வேண்டாம். யார் உடன் இருந்தார்கள் என்பதை ஒவ்வொரு பதிவிலும் குறியுங்கள். நேர்காணல் ஆய்வை அறிக்கையாக எழுதுவதற்கான கோரெக் என்ற 32 அம்சப் பட்டியலில் அதுவும் ஓர் அம்சம், சுகாதார ஏடுகள் பல அந்தப் பட்டியலைக் கேட்கும்.

#15 பச்சைமண்

ஒன்று சேர்க்கிறேன். இன்று செம்பனை வெட்டுகிறவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் அதிகம். தமிழர்களை மட்டும் எடுப்பதென்றால் தவறில்லை, ஏன் என்று காரணம் எழுதுங்கள். ‘தோட்டத் தொழிலாளர்’ என்று பொதுவாகத் தலைப்பு வைக்காதீர்கள்.

#16 லயத்துமுனை

தலைப்பை மாற்றிவிட்டேன். ‘ஏன் மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை?’ என்று இருந்த முதல் கேள்வியையும் எடுத்துவிட்டேன். இப்போது இப்படி: ‘நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செஞ்சீங்க, என்ன சாப்பிட்டீங்க, மருந்து எப்ப போட்டீங்கன்னு சொல்லுங்கம்மா.’

#17 நெடுங்கணக்கு

மிக நல்லது. ‘மருந்து எப்ப போட்டீங்க’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அவராகச் சொல்கிறாரா, எந்த இடத்தில் சொல்கிறார் என்று பாருங்கள். ராத்திரி வரை வந்தும் சொல்லாவிட்டால் பிறகு கேட்கலாம். ‘நேத்து’ ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் உங்களுக்கு ஓய்வு நாள் கதைதான் கிடைக்கும். வேலையில் இருப்பவர்களிடம் ‘கடைசியா பிரட்டுக்குப் போன நாள்’ என்று தொடங்குங்கள்.